காஞ்சியில் மடிப்புக் கணக்கு

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரையும் சுங்குவார்சத்திரத்தையும் தாண்டி, தொழிற்சாலை மதில்கள் முடிந்து ஏரிக்கரைகள் தென்படத் தொடங்கிய பிறகு இடப்பக்கம் திரும்பினால் காஞ்சிபுரம். மொத்தம் சுமார் 75 கிலோமீட்டர். கோயிலுக்கு வருகிறவர்கள் போகிற போக்கில் காந்தி சாலையில் பட்டுக் கடை ஏறுகிறார்கள். முகூர்த்தப் பட்டுக்கு வருகிறவர்கள் கையோடு காமாட்சியையும் வரதராஜரையும் சேவித்துவிட்டுத் திரும்புகிறார்கள். இந்த ஊரை வேறொரு கேள்வியை வைத்துக்கொண்டும் சுற்றலாம். மெல்லிய ஒரு படலத்தை இன்னொன்றின் மேல் படியவைத்தால் அது எப்போது தட்டையாகக் கிடக்கும், எப்போது நெளியும், எப்போது உரிந்து விழும்? பட்டின் மேல் வெள்ளி, வெள்ளியின் மேல் தங்கம். மணற்கல்லின் மேல் சுண்ணச் சாந்து, சாந்தின் மேல் வண்ணம். காஞ்சியின் பெருமைகளில் பெரும்பகுதி இப்படி ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்தவைதான். உயிரணுவின் சவ்வை ஆராயும் இயற்பியலாளர்கள் ஐம்பது ஆண்டுகளாகக் கேட்டுவருவதும் இதே கேள்வியைத்தான். தாங்குகிற பொருள் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நல்லது என்று நாம் இயல்பாக நினைக்கிறோம். அசையாத பொருளுக்கு அது சரியாக இருக்கலாம். வளைந்து, நீண்டு, ஈரம் குடித்து வாழ வேண்டிய எதற்கும் அது சரியில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வருவது. அதற்கான சாட்சியங்கள் இந்த ஊரிலேயே கிடைக்கின்றன.

ஊரின் மேற்கே பிள்ளையார்பாளையம். நெசவாளர்கள் நெருங்கி வாழும் பகுதி. வெயில் ஏறுவதற்கு முன் போனால் தெருவின் நீளத்துக்குப் பாவு நீட்டிக் கட்டியிருப்பதைப் பார்க்கலாம். இங்கே நெய்யப்படும் பட்டு நூலில் பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்து வருவது. புழு நூற்ற இழை இரண்டு புரதங்களால் ஆனது: உள்ளே ஃபைப்ராயின், அதைச் சுற்றிப் பசைபோல செரிசின். இரண்டும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள். வேதியியலார் பாலிமர் என்று அழைக்கும் வகை. கச்சாப் பட்டின் எடையில் சுமார் கால் பங்கு இந்தப் பசைதான். அது இருக்கும்வரை நூல் விறைப்பாக, மங்கலாக இருக்கும். சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் அவித்து அதை நீக்கிய பிறகுதான் பளபளப்பும் குழைவும் வருகின்றன. பிறகு சாயம் ஏற்றிய பாவுக்குக் கஞ்சி கொடுத்து வெயிலில் உலர்த்துகிறார்கள். விறைப்பான பசையை மெனக்கெட்டுக் கழற்றிவிட்டு, மறுபடியும் இன்னொரு விறைப்பை ஏன் ஏற்ற வேண்டும்? தறியில் ஆயிரக்கணக்கான இழைகள் அச்சிலும் விழுதிலும் உரசும்போது பிசிறாமல் இருக்க அது வேண்டும். நெய்து முடிந்த சேலைக்கு வேண்டியதில்லை. செரிசின் இழையோடு பிறந்தது, கஞ்சி இரவல் வாங்கியது. ஒரு தாங்கல் எவ்வளவு காலம் தேவை, எவ்வளவு கெட்டியாகத் தேவை என்பது வேலையைப் பொறுத்தது.

ஜரிகைக்கு வருவோம். சூரத்திலிருந்து வருவது பெரும்பாலும். தமிழ்நாடு ஜரிகை நிறுவனம் என்று அரசின் ஆலை ஒன்றும் காஞ்சியிலேயே உண்டு. கடைக்காரர் நகத்தால் கீறி உள்ளே சிவப்பு நூல் தெரிகிறதா என்று காட்டுவது இந்த ஊர் வழக்கம். அந்தக் கீறலைச் சற்று நிதானமாகப் பார்த்தால் ஜரிகையின் கட்டமைப்பு விளங்கும். நடுவில் பட்டு நூல். அதன்மேல் வெள்ளிக் கம்பியை மிக மெல்லிய தட்டை நாடாவாக அடித்துச் சுருள் சுருளாகச் சுற்றியிருப்பார்கள். அதன்மேல் தங்க முலாம். எடையில் ஒரு சதவீதத்தைக்கூட எட்டாது. பட்டு நூலுக்குக் குழாய் போல ஒரே வெள்ளி உறை போட்டிருந்தால் என்ன ஆகும்? நூலை வளைக்கும்போது வளைவின் உட்புறம் உறை அமுங்கும், வெளிப்புறம் இழுபடும். அமுங்கும் பக்கம் நசுங்கி நெளியும், இழுபடும் பக்கம் விரியும். சுருளாகச் சுற்றிய நாடாவில் ஒவ்வொரு சுற்றும் அடுத்த சுற்றிலிருந்து ஒரு மயிரிழை விலக முடியும், நெருங்க முடியும். உலோகம் தன் நீளத்தை மாற்றாமலே நூல் வளைந்துவிடுகிறது. வெள்ளியின் விறைப்பு பட்டு இழையின் விறைப்பைப் போல் ஏறக்குறைய எட்டு மடங்கு. அது ஒற்றை இழையின் கணக்கு. பல இழைகள் சேர்ந்த நூலில் இழைகளுக்கு நடுவே காற்றும் இருப்பதால் குறுக்கே அமுக்கினால் மெத்தென்று அமுங்கும். கெட்டியான ஒன்றைச் சுமக்க மென்மையான ஒன்றைத் தேர்ந்ததும், கெட்டியானதைத் தொடர்ச்சியற்ற சுருளாக்கியதும் சேர்ந்துதான் உலோகத்தைத் துணியாக்கின.

இதன் இயற்பியல் பழையது. ஒரு மெல்லிய கம்பத்தை இரு முனைகளிலும் அழுத்தினால் ஓர் அளவுவரை நிமிர்ந்தே நிற்கும், அதைத் தாண்டியதும் சட்டென்று பக்கவாட்டில் வளையும் என்று லியோன்ஹார்ட் ஆய்லர் 1744இல் கணக்கிட்டார். தனியாக நிற்கும் கம்பம் ஒரே பெரிய வில்லாகத்தான் வளையும். அதையே மென்மையான ஓர் அடித்தளத்தில் நீள ஒட்டிவிட்டு அழுத்தினால் கதை மாறுகிறது. மேலுள்ள தகடு பெரிய அலையாக வளைய விரும்புகிறது. ஏனென்றால் கூர்மையாக வளைய அதற்கு அதிக ஆற்றல் வேண்டும். கீழுள்ள அடித்தளம் சின்னச் சின்ன அலைகளையே விரும்புகிறது. ஏனென்றால் பெரிய அலை அதன் ஆழம்வரை சென்று அதை இழுத்து உருக்குலைக்கிறது. இரண்டுக்கும் ஒத்துப்போகிற ஓர் அலைநீளத்தில் சமரசம் ஏற்படுகிறது. அந்த அலைநீளம் தகட்டின் தடிமனுக்கு நேர்விகிதத்திலும், தகட்டுக்கும் அடித்தளத்துக்கும் இடையிலான விறைப்பு விகிதத்தின் கனமூலத்தைப் பொறுத்தும் அமையும். தகடு அடித்தளத்தைவிட ஆயிரம் மடங்கு விறைப்பானால் அலைநீளம் தகட்டின் தடிமனைப் போல் நாற்பது மடங்குக்குச் சற்று மேலே வரும். எவ்வளவு விசையில் அழுத்துகிறோம் என்பதற்கு இந்த நீளத்தில் பங்கு இல்லை. அழுத்தம் கூடினால் அலை உயரும், அவ்வளவுதான். ஹார்வர்டில் ஜார்ஜ் ஒயிட்சைட்ஸின் குழு 1998இல் இதைக் கண்ணுக்குக் காட்டியது. சிலிக்கோன் ரப்பரைச் சூடாக்கி விரியவைத்து, அதன்மேல் சில பத்து நானோமீட்டர் தடிமனில் தங்கத்தைப் படியவைத்தார்கள். ஆறியதும் ரப்பர் சுருங்கியது. தங்கம் 20 முதல் 50 மைக்ரான் அலைநீளத்தில் வரிவரியாக நெளிந்தது, உரியவில்லை, உடையவில்லை. பாலிமர் மேல் தங்கம் என்ற சொற்றொடரைக் காஞ்சியில் நின்று படிக்கும்போது அது வேறு கண்டத்துச் செய்தியாகத் தோன்றுவதில்லை.

தறிக்குழியருகே நின்றால் அதே கணக்கு இன்னொரு வடிவில் தெரியும். காஞ்சிப் பட்டின் அடையாளம் கோர்வை. உடலுக்கு ஒரு நிறம், பார்டருக்கு வேறு நிறம். ஊடை நூலைச் சுமந்து மூன்று தறி நாடாக்கள் ஓடும், நடு நாடா உடலுக்கு, மற்ற இரண்டும் இரு பக்கப் பார்டருக்கு. இரண்டின் ஊடையும் ஒன்றையொன்று கவ்வும் இடத்தில் பல் வரிசை போல ஓர் இணைப்பு உருவாகும். பழைய முறைப்படி ஒரு பக்கத்து நாடாவை வாங்கிக் கொடுக்க இன்னொருவர் துணைக்கு உட்கார்ந்திருப்பார். உடல் லேசான பட்டு. பார்டர் ஜரிகை நிறைந்தது, கனமானது, எளிதில் நீளாதது. இரண்டும் ஒரே துணியில் தட்டையாகக் கிடக்க வேண்டுமானால் இரண்டு பாவின் இழுவிசையும் ஒன்றுக்கொன்று இசைந்திருக்க வேண்டும். பார்டர் நீளம் கூடினால் அது நெளியும். உடல் நீளம் கூடினால் உடல் உப்பும். ஈரம் பட்டு உடல் சுருங்கி ஜரிகை சுருங்காதபோது பார்டர் சிற்றலை வைப்பதும் இதனால்தான். சுருங்குகிற மென்மையின் மேல் சுருங்காத விறைப்பு: ஒயிட்சைட்ஸின் ரப்பரும் தங்கமும் மாட்டிக்கொண்ட அதே நிலை. இழுத்துப் பிடித்த மெல்லிய தாளில் சுருக்கங்கள் ஏன் இந்த இடைவெளியில் விழுகின்றன என்பதற்கான பொது விதியை 2003இல் என்ரிக்கே செர்டாவும் எல். மகாதேவனும் எழுதினார்கள். மகாதேவன் சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்தவர். அந்த வளாகத்திலிருந்து காஞ்சித் தறிகள் இரண்டு மணி நேரப் பயணத்தில்தான் இருக்கின்றன. சுருக்கத்தை ஆராய்ந்ததற்காக இருவருக்கும் 2007இல் இக் நோபெல் பரிசும் கிடைத்தது. முதலில் சிரிக்கவைத்து அப்புறம் யோசிக்கவைக்கும் ஆய்வுக்கான பரிசு அது. கொசுவம் வைத்துக் கட்டுகிற நாட்டில் இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி சவ்வு. உயிரணுவைச் சுற்றியிருப்பது லிப்பிட் எனப்படும் கொழுப்பு மூலக்கூறுகளாலான ஈரடுக்கு. நெதர்லாந்தின் கோர்ட்டரும் கிரெண்டலும் 1925இல் சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்தெடுத்து நீரின் மேல் பரப்பிப் பார்த்து, அது அணுக்களின் பரப்பைப் போல் இரண்டு மடங்கு வருகிறது என்று கண்டதிலிருந்து ஈரடுக்கு என்ற கருத்து வந்தது. தடிமன் சுமார் 5 நானோமீட்டர். அதைப் பரப்புவாட்டில் இழுத்தால் சில சதவீதம் நீளும், அதற்குமேல் கிழிந்துவிடும். ஆனால் வளைப்பது மிக எளிது. வளைக்கத் தேவையான ஆற்றல், அறை வெப்பத்தில் ஒரு மூலக்கூறின் துடிப்பாற்றலைப் போல் சுமார் இருபது மடங்குதான். ஆகவே உயிருள்ள சவ்வு ஒருபோதும் முற்றிலும் தட்டையாக இருப்பதில்லை. நீரின் வெப்பமே அதை இடைவிடாமல் நெளியவைக்கிறது. இந்த வளைவின் ஆற்றலுக்கு வொல்ஃப்காங் ஹெல்ஃப்ரிச் 1973இல் கொடுத்த வாய்பாடு இன்றும் இத்துறையின் அரிச்சுவடி. ஹெல்ஃப்ரிச் திரவப் படிகங்களிலிருந்து சவ்வுக்கு வந்தவர். அந்தத் திரவப் படிக ஆய்வில் இந்தியாவின் பெயரை நிறுத்தியது பெங்களூருவில் உள்ள ராமன் ஆராய்ச்சி நிலையம், அங்கே எஸ். சந்திரசேகரும் உடன் ஆய்ந்தவர்களும் 1977இல் வட்டு வடிவ மூலக்கூறுகளின் திரவப் படிக நிலையைக் கண்டார்கள். சவ்வுகளைப் பற்றிய இயற்பியலும் அந்த நிலையத்தில் தொடர்ந்து நடந்துவருகிறது. காஞ்சிக்குப் பட்டு நூல் வருகிற அதே திசையிலிருந்து இந்தக் கட்டுரைக்கான இயற்பியலும் வருகிறது என்பது தற்செயல்தான். ஆனால் ரசிக்கத்தக்க தற்செயல்.

ஈரடுக்குக்கு ஒரு பெரிய குறை. பரப்புக்குள் அது திரவம். மூலக்கூறுகள் ஒன்றையொன்று கடந்து வழுக்கிப் போகும். பக்கவாட்டுத் திரிபை எதிர்க்கும் பலம் அதற்குக் கிடையாது. அப்படியானால் சிவப்பணு எப்படித் தாக்குப்பிடிக்கிறது? அதன் விட்டம் சுமார் 8 மைக்ரான். மூன்று மைக்ரான் அகலமுள்ள நுண்குழாய்களில் அது நுழைந்து வெளியேற வேண்டும். மண்ணீரலில் அதைவிடவும் குறுகிய இடுக்குகள் உண்டு. சுமார் 120 நாள் ஆயுளில் இதை எண்ணற்ற முறை செய்கிறது. விடை சவ்வின் அடியில் இருக்கிறது. ஸ்பெக்ட்ரின் என்ற புரத இழைகள் வலைபோல் பின்னி சவ்வின் உட்புறத்தில் ஆங்காங்கே கட்டுண்டு கிடக்கின்றன. முழுதாக நீட்டினால் 200 நானோமீட்டர் வரும் இழை, அணுவுக்குள் அதில் பாதிக்கும் குறைவான இடைவெளியில் சுருண்டு நிற்கிறது. இழுத்தால் நீள இடம் இருக்கிறது, விட்டால் திரும்பி வருகிறது. இயற்கை செய்த பாலிமர் தாங்கல் இது. அதோடு ஒரு தாராளமும் உண்டு: அணுவுக்குள் இருக்கும் கன அளவை உருண்டையாக்கி மூடத் தேவைப்படும் பரப்பைவிடச் சுமார் 40 சதவீதம் கூடுதல் பரப்பு சிவப்பணுவிடம் இருக்கிறது. அந்தக் கூடுதல்தான் அதை நடுவில் குழிந்த வட்டாக வைத்திருக்கிறது, மடங்கி நுழைய விடுகிறது. வலையோ அதன் கட்டுகளோ பிறவியிலேயே பழுதாக இருக்கும் நோய் ஒன்று உண்டு. சவ்வு தாங்கல் இல்லாத இடங்களில் துளித்துளியாகக் கழன்று போகும், பரப்பு குறையக் குறைய அணு உருண்டையாகும், உருண்டை மண்ணீரலின் இடுக்கில் சிக்கி அழியும், குழந்தைக்கு ரத்தசோகை. இங்கே லிப்பிடில் கோளாறு இல்லை. தாங்கலில்தான்.

ஆய்வுக்கூடத்தில் இந்தப் பாடம் எதிர்த்திசையில் கற்கப்பட்டது. ஸ்டான்ஃபோர்டில் டாம், மெக்கோனல் இருவரும் 1985இல் லிப்பிட் ஈரடுக்கைத் தட்டையான கண்ணாடி போன்ற கெட்டிப் பரப்பில் படியவைத்தார்கள். அருமையான ஏற்பாடு, சவ்வு கலையாமல் நெடுநேரம் நின்றது, நுண்ணோக்கியில் பார்க்க வசதியாக இருந்தது. சிக்கல், சவ்வுக்குள் புரதங்களைப் பொதிந்தபோது வந்தது. கண்ணாடிக்கும் சவ்வுக்கும் இடையே இருப்பது ஓரிரு நானோமீட்டர் நீர்ப்படலம். சவ்வைத் துளைத்து நிற்கும் புரதங்கள் அதைவிட நீளமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவை கண்ணாடியில் இடித்து ஒட்டிக்கொண்டன. அசைவு நின்றது, பலவற்றின் வேலையும் நின்றது. மியூனிக்கில் எரிக் ஸாக்மன் 1996இல் எழுதிய ஆய்வுரையிலும், மோட்டோமு தனகாவோடு சேர்ந்து 2005இல் எழுதியதிலும் இதற்கு மாற்றாக நீர் குடித்த பாலிமர் மெத்தையை முன்வைத்தார். கண்ணாடியின் மேல் சில நானோமீட்டர் முதல் சில பத்து நானோமீட்டர் வரை பாலிமர், அதன்மேல் சவ்வு. புரதங்களுக்குக் கால் வைக்க இடம் கிடைத்தது. இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும்: கண்ணாடியின் மேல் உள்ள சவ்வு தயாரிக்க எளிது, உறுதியானது, பல ஆய்வுகளுக்கு இன்றும் அதுவே போதுமானது, மென்மையான தாங்கல் மேல் சவ்வு ஓட்டையில்லாமல் படிவதே பாடு. உண்மைதான். ஆனால் அந்த உறுதி என்பது ஒன்றும் நடக்காததால் வரும் உறுதி. நிற்பதுதான் நோக்கம் என்றால் கண்ணாடி வெல்லும். வேலை செய்வது நோக்கம் என்றால் மெத்தைக்கு ஈடில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. ஜரிகையும் தங்கப் படலமும் திடப்பொருள்கள். அவை அமுக்கினால் நெளியும் என்பது புரிகிறது. திரவமான ஈரடுக்கு எதற்காக நெளிய வேண்டும்? அமுக்கினால் மூலக்கூறுகள் வேறு பக்கம் ஓடிவிடலாமே. பட்டுக்குச் சொல்லும் கணக்கைச் சவ்வுக்குச் சொல்வது உவமை விளையாட்டு இல்லையா? பிரின்ஸ்டனில் மார்கரிட்டா ஸ்டாய்கோவா, ஹோவர்ட் ஸ்டோன் குழுவினர் 2011இல் இதைச் சோதித்தார்கள். நீளக்கூடிய ரப்பர் போன்ற பாலிமரின் மேல் ஈரடுக்கைப் படியவைத்து, பாலிமரை இழுத்தும் சுருக்கியும் பார்த்தார்கள். சுருக்கியபோது சவ்வு வரிவரியாக நெளியவில்லை. மிஞ்சிய பரப்பை மெல்லிய குழல்களாக வெளியே தள்ளியது. இழுத்தபோது அருகே ஒட்டியிருந்த லிப்பிட் குமிழிகளை உள்வாங்கிக்கொண்டது. ஆக மறுப்பில் பாதி சரி: திரவச் சவ்வு தங்கத்தைப் போல அலையலையாக வரி போடுவதில்லை. மறுபாதி தவறு: தாங்கல் சுருங்கினால் கொழுப்பு ஓடி ஒளிய முடியவில்லை, ஏனென்றால் ஒட்டிய பரப்பு அதைக் கட்டிவைத்திருக்கிறது, கூடுதல் பரப்பு தாங்கலை விட்டு எழுந்தாக வேண்டும். எழுவது அலையாகவா, குழலாகவா என்பதைப் பொருளின் இயல்பு சொல்கிறது. எங்கே, எவ்வளவு எழும் என்பதைத் தாங்கலும் ஒட்டுதலும் சொல்கின்றன. சேலைக்கும் சவ்வுக்கும் பொதுவானது வடிவம் அல்ல, இந்தப் பேரம்தான். வேறுபாடுகளையும் மறைக்கக் கூடாது: கொசுவத்தின் விழுகையில் புவியீர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு, சவ்வுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, சவ்வு வெப்பத்தால் துடிக்கிறது, பட்டு துடிப்பதில்லை.

நெளிவு வேறு, மடிப்பு வேறு. இதில் நான் சற்றுக் கூடுதலாக நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் வீட்டுப் பீரோவரை வந்து சேரும் விஷயம் இது. நீரின் மேல் மிதக்கும் மெல்லிய பாலியஸ்டர் தாளை இரு பக்கமிருந்தும் நெருக்கினால் முதலில் சீரான அலைகள் வருகின்றன. நெருக்கிய தூரம் அலைநீளத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியதும் மற்ற அலைகள் தணிந்து, வளைவு முழுவதும் ஒரே இடத்தில் குவிந்து ஆழமான மடிப்பாகிறது. லூக்கா போசிவாவ்செக், என்ரிக்கே செர்டா, கா யீ லீ ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வு இது. நுரையீரலின் உட்பரப்பில் இருக்கும் லிப்பிட் படலங்களையும், தங்க நானோ துகள் படலங்களையும் அதே கட்டுரையில் ஒரே கோட்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். மூச்சு விடும்போது சுருங்கும் நுரையீரல் படலம் மடிந்து, மூச்சு இழுக்கும்போது விரிந்துகொள்ள வேண்டும். மடிப்பு திரும்ப விரிந்தால் உயிர் பிழைக்கும். ஜரிகையில் மடிப்பு விரியாது. வெள்ளி ஓர் அளவுக்கு மேல் வளைந்தால் பழைய நிலைக்கு வராது. அதே கோட்டில் திரும்பத் திரும்ப மடித்து வைத்தால் நாடாச் சுற்றுகள் நசுங்கி, உள்ளிருக்கும் பட்டு நூலை அறுக்கத் தொடங்கும். பட்டுச் சேலையைச் சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து மடிப்பு மாற்றி வை என்று பாட்டிமார்கள் சொல்வது குவிந்த வளைவைப் பரவலாக்கும் ஏற்பாடு. பழைய சேலைகள் பெரும்பாலும் நடுத்துணியில் கிழிவதில்லை. மடிப்புக் கோட்டில்தான் விடுகின்றன.

இந்த இடத்தில் வழக்கமான ஒரு பெருமிதம் எட்டிப் பார்க்கும். பார்த்தீர்களா, ஆய்லருக்கும் ஹெல்ஃப்ரிச்சுக்கும் முன்பே நம் நெசவாளிக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. தறியில் இருப்பவருக்குத் தெரிந்தது இழுவிசையின் கைப்பக்குவம். எந்த நூலுக்கு எவ்வளவு முறுக்கு, எந்த நாளில் எவ்வளவு ஈரம், பார்டர் பாவை எங்கே ஒரு பிடி தளர்த்த வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரியும். அலைநீளம் கனமூலத்தைப் பொறுத்தது என்பது தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இருந்ததில்லை. கணக்கு தெரிந்தவருக்கோ ஒரு கோர்வையை நெய்யத் தெரியாது. இரண்டையும் ஒன்றென்று சொல்வது இரண்டையுமே மலிவாக்குகிறது. 2005இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது சட்டம் காப்பாற்ற முயன்றது ஊரின் பெயரையும் செய்முறையையும். விசைத்தறியில் கோர்வை போலத் தோற்றம் தரும் சேலைகள் வந்துவிட்ட பிறகு, கைத்தறிக்காரரின் அறிவுக்குக் கூலியில் என்ன மதிப்பு என்பதுதான் அவருடைய கேள்வி. அவரை முன்னோடி இயற்பியலாளர் என்று புகழ்வது அந்தக் கேள்விக்குப் பதிலாகாது.

பிள்ளையார்பாளையத்தை ஒட்டியே ஊரின் மேற்கு விளிம்பில் கயிலாசநாதர் கோயில். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டியது. அடியில் கருங்கல், மேலே மணற்கல். சுற்றுப் பிராகாரத்தை அணைத்தபடி 58 சிறு சன்னதிகள். என் வாதத்துக்கு எதிரான மிகப் பெரிய சாட்சி இங்கேதான் நிற்கிறது. புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த ழூவோ துப்ரேய் 1931இல் இந்தச் சிறு சன்னதிகளின் சுவர்களில் பல்லவர் கால ஓவியங்களின் எச்சங்களைக் கண்டுபிடித்தார். கல்லின் மேல் மெல்லிய சுண்ணச் சாந்து, அதன்மேல் வண்ணம். சாந்தைத் தாங்குவதோ கெட்டியான கல். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் தாங்கியிருக்கிறது. எந்தப் பட்டுச் சேலை அப்படித் தாங்கும்? எந்தச் சிவப்பணு? ஒப்புக்கொள்ள வேண்டிய கேள்விதான். சுவருக்கு நடக்கத் தேவையில்லை, மடங்கத் தேவையில்லை. அசையாத தாங்கலின் மேல் அசையாத படலம் நீடிக்கும். ஆனால் மிஞ்சியிருப்பவை எச்சங்களே. ஓவியத்தின் பெரும்பகுதி போய்விட்டது. போன விதத்தைப் பாருங்கள். கல் ஈரம் குடிக்கிறது. ஈரத்தோடு வரும் உப்பு சாந்தின் பின்புறம் படிகமாகிறது. பகல் வெயிலில் சாந்தும் கல்லும் வெவ்வேறு அளவில் விரிகின்றன. சாந்துக்கு நெளிய வேண்டிய கட்டாயம் வருகிறது. கீழே இருப்பது மென்மையான பொருளாக இருந்தால் சின்ன அலைகளாகப் பிரித்து ஏற்றுக்கொண்டிருக்கும். கல் ஒரு மயிரிழைகூட விட்டுக்கொடுக்காது. ஆகவே சாந்துக்கு ஒரே வழிதான் மிச்சம்: ஒட்டை விட்டுவிட்டு உப்புவது.

உப்பிய பிறகு அது வேகமாகக் கெடும் என்பதற்கும் ஆய்லர் வழியிலேயே கணக்கு உண்டு. ஒட்டு விட்ட பகுதியின் அகலம் இரண்டு மடங்கானால், அதை நெளியவைக்கத் தேவையான அழுத்தம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். சிறு கொப்புளம் தானாக வளர்வது அதனால்தான். பட்டு, சவ்வு இரண்டிலும் நாம் பார்த்த பேரத்துக்கு இந்தச் சுவரில் இடமே இல்லை. ஒட்டியிருப்பது அல்லது விழுவது, இரண்டே நிலை. பாதுகாக்க வருகிறவர்கள் கெட்டியான கலவையால் பூசி மூடினால் நிலைமை மோசமாகும் என்பதும் இதே கணக்கின் விளைவு. மூலச் சாந்தைவிட விறைப்பான ஒட்டு, தன் விளிம்பில் இருக்கும் பழைய சாந்தையே பிய்த்தெடுக்கும். பழுதுபார்க்கும் கலவை மூலத்தைவிடச் சற்று மென்மையாக இருக்க வேண்டும் என்பது பழங்கட்டடப் பராமரிப்பில் இன்று பரவலாக ஏற்கப்பட்ட விதி.

காஞ்சிக்குப் போகிறவர்கள் கயிலாசநாதரைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பெரிய கோயில்களின் நெரிசல் அங்கே கிடையாது, சன்னதிகளுக்கு அருகே நின்று நிதானமாகப் பார்க்கலாம். அந்தச் சுவர்களில் சாந்து உப்பியிருக்கும் இடங்களை எளிதில் அடையாளம் காணலாம்: விளிம்பில் ஒரு நிழல்கோடு விழுந்திருக்கும். அங்கே விரல் வைத்து அழுத்திப் பார்க்காதீர்கள், குழந்தைகளையும் விடாதீர்கள். ஒரு மில்லிமீட்டர் ஒட்டு விட்டாலும் அது திரும்ப ஒட்டுவதில்லை.